சுவரில் விழுந்த ஓட்டையும் ஓரகத்தியின் துப்பட்டாவும்

போன வருடம் ஆயுத பூஜை விடுமுறை முடிந்து ஆலை திறந்த முதல் நாள் காலை. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் நான் வேலை பார்க்கும் இரும்புக் கம்பி ஆலையின் பின்பக்கச் சுவரோரம் அது நடந்தது. இன்றுவரை என் கணவரிடம்கூட முழுசாகச் சொன்னதில்லை. முகம் தெரியாத உங்களிடம் சொல்வது கொஞ்சம் சுலபமாக இருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஆலையில் கம்பி செக்கச்செவேலென்று நெருப்பாக வரும். அதைக் குளிர வைக்கத் தண்ணீர் வேண்டும். அந்தத் தண்ணீரைச் சோதித்து, ஓட்டலாமா கூடாதா என்று சொல்வது நான். ஆலையில் எல்லோருக்கும் நான் 'தண்ணி மேடம்'. பெயருக்குக் குறைச்சலில்லை, தண்ணீருக்குத்தான். கோடை வந்தால் போர்வெல் காலை வாரிவிடும். அப்புறம் லாரித் தண்ணீரை நம்பித்தான் ஓட்டம். லாரி வராத நாளில் ஆலை நின்றுவிடும். ஒப்பந்தத் தொழிலாளிகளை கேட்டிலேயே திருப்பி அனுப்புவார்கள். அன்றைய சம்பளம் போச்சு. சாப்பாட்டுத் தூக்கைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் போகிறவர்கள் என்னைப் பார்த்து, "இன்னா மேடம், இன்னிக்கும் தண்ணி இல்லியா?" என்பார்கள். ஏதோ நானே குடித்துத் தீர்த்துவிட்டது மாதிரி இருக்கும்.

எங்கள் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு நொறுக்குத் தீனி கம்பெனி. பெரிய கம்பெனி. பச்சைப் புல்வெளி, பூச்செடி, வாசலில் செயற்கை நீரூற்று எல்லாம் உண்டு. அங்கே கழிவு நீரைச் சுத்தம் செய்கிற பிளான்ட்டுக்குப் பொறுப்பாக இருப்பவள் யார் என்கிறீர்கள்? என் கொழுந்தனாரின் மனைவி. சாட்சாத் என் ஓரகத்தி.

ஆமாம், ஒரே வீடு. கீழே நாங்கள், மாடியில் அவர்கள், சமையல் ஒன்றாக. அவள் பிறந்த ஊர் மீஞ்சூர். "கடல் தண்ணியையே குடிதண்ணியா மாத்துற ஊரு அக்கா எங்க ஊரு, எங்கிட்டயா தண்ணியப் பத்திச் சொல்ற?" என்று விளையாட்டாகச் சொல்வாள். எனக்கு அது விளையாட்டாகவே இருக்காது. நான் இந்த வேலைக்கு வந்து எத்தனையோ வருடம் கழித்துத்தான் அவள் கல்யாணமாகி வந்தாள். அவளை அந்தக் கம்பெனியில் விண்ணப்பிக்கச் சொன்னதே நான்தான். வந்த கொஞ்ச நாளில் அவளுக்கு ஏசி அறை. எனக்கு இன்னும் பம்ப் ஹவுஸ் பக்கத்தில் தகரக் கூரை. அவள் கம்பெனி வண்டி தெருமுனைக்கே வந்து ஏற்றிக்கொண்டு போகும். நான் ஷேர் ஆட்டோவில் யார் மடியிலோ பாதி உட்கார்ந்துகொண்டு போவேன்.

இதெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். என் மாமியார் இருக்கிறாரே, அவரைத்தான் பொறுக்க முடியாது. நான் வைத்த குழம்பை மூன்று கரண்டி ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு, "சின்னவ ஒரு ரசம் வெச்சா பாரு போன வாரம்" என்பார். வயிறு பற்றி எரியும். வெளியே சிரித்துக்கொண்டே பாத்திரத்தை 'ணங்'கென்று வைப்பேன். அவ்வளவுதான் என் வீரம்.

போன வருடக் கோடையில் ஒரு நாள், லாரி வராமல் ஆலை நின்று, ஆட்களைத் திருப்பி அனுப்பிய கடுப்போடு வீட்டுக்கு வந்தேன். அவள் கத்திரிக்காய் அரிந்துகொண்டிருந்தாள். நான் ஆரம்பித்துவிட்டேன்.

"உங்களுக்கு இன்னாமா, சுத்தம் பண்ண தண்ணிய புல்லுக்கு ஊத்திக்கினு இருக்கீங்க. நாங்க இந்தப் பக்கம் லாரிய பாத்துக்கினு நிக்கிறோம். நடுவுல ஒரு சுவரு. அதுல ஒரு ஓட்டை போட்டு பைப்பு உட்டா எங்க கம்பி குளிரும், எங்க ஆளுங்களுக்கும் சோறு கிடைக்கும். எவன் கேக்குறான்?"

அவள் கத்திரிக்காயைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். "அந்தத் தண்ணி உங்களுக்கு ஒத்துக்குமாக்கா? உப்பு, கலங்கல் எல்லாம்?" என்று கேட்டாள். "கம்பியக் குளிர வெக்கிறதுக்கு இன்னா பன்னீரா வேணும்?" என்று நொடித்துவிட்டு முகம் கழுவப் போய்விட்டேன். புலம்பினேன், மறந்தேன். மறுநாள் லாரி வந்தது. அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

முடியவில்லை. அடுத்த மாதம் தொழிற்பேட்டை முதலாளிகள் சங்கத்தில் எங்களைப் போல தண்ணீர் வேலை பார்ப்பவர்களை எல்லாம் கூப்பிட்டு ஒரு கூட்டம் போட்டார்கள். தண்ணீர் சிக்கனத்துக்குப் புது யோசனை சொல்ல வேண்டும், அதைப் பக்கத்துப் பக்கத்துக் கம்பெனிகள் சேர்ந்து செய்கிற மாதிரி இருக்க வேண்டும், நன்றாக இருந்தால் சங்கமே உதவி செய்யும் என்றார்கள். எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். எங்கள் பக்கம் அப்படித்தான். பக்கத்துக் கம்பெனிக்காரனிடம் உப்பு இருக்கிறதா என்றுகூடக் கேட்க மாட்டோம், நம் ரகசியம் போய்விடுமாம்.

அப்போது அவள் எழுந்தாள். சுவர், ஓட்டை, பைப். என் வாயிலிருந்து வந்த அதே வார்த்தைகள். படம் வேறு வரைந்து எடுத்து வந்திருந்தாள். "எங்க ஊட்ல பேசிக்கினு இருந்தப்ப வந்த யோசனை சார்" என்றாள். எல்லோரும் கை தட்டினார்கள். எங்கள் மேனேஜர், நான் எது சொன்னாலும் 'பாக்கலாம்மா' என்பவர், எல்லோரையும் விடச் சத்தமாகத் தட்டினார். நானும் தட்டினேன். தட்டாமல் இருந்தால் தெரிந்துவிடுமே.

'எங்க ஊட்ல'யாம்! வீட்டில் யார் பேசினார்கள்? குக்கரா பேசியது?

அன்று வீட்டுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டேன். "அது நான் சொன்னதுதானே?"

அவள் மறுக்கவே இல்லை. "ஆமாக்கா, நீ சொன்னதுதான். நீயும் அங்கதான உக்காந்துகினு இருந்த, நீ எழுந்து சொல்லுவியான்னு எம்மாம் நேரம் பாத்தேன் தெரியுமா? நீ இன்னாத்துக்கு சொல்லல?"

உண்மையில் அது ஒரு யோசனை என்றே எனக்குத் தோன்றியிருக்கவில்லை, அது என் வயிற்றெரிச்சல். அவள் அதைக் கழுவி, துடைத்து, படமாகப் போட்டு எடுத்துக்கொண்டு போனாள். அது புரிந்ததும் கோபம் இன்னும் அதிகமாயிற்று. ஒரு வாரம் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. மாமியார், "சின்னவ பேரு பேப்பர்ல வருமாமே?" என்று கேட்டபோது குழம்பில் உப்பை இரண்டு தடவை போட்டுவிட்டேன்.

வேலை மட்டும் நிற்கவில்லை. சுவரில் ஓட்டை விழுந்தது. கூடவே ஆள் குனிந்து போகிற அளவு ஒரு சின்ன வழியும் வைத்தார்கள். அந்தப் பக்கத்திலிருந்து பைப் வந்தது. எங்கள் பக்கத்தில் வால்வு, அதற்கு முன்னால் ஒரு மீட்டர். இந்த மீட்டரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வருகிற தண்ணீர் அதற்குள் ஒரு கண்ணாடிக் குழாய் வழியாகப் போகும். ஒரு பக்கம் சின்ன விளக்கு, எதிர்ப்பக்கம் அந்த வெளிச்சத்தைப் பார்க்கிற ஒரு கண். தண்ணீர் கலங்கலாக இருந்தால் வெளிச்சம் குறையும், உடனே வால்வு தானாக மூடிக்கொள்ளும். மேலே மூடி உண்டு. பொருத்தி, சோதித்து, சரியாக இருக்கிறது என்று எழுதியும் கொடுத்துவிட்டார்கள்.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் பக்கத்து ஆலைகளில் அன்றைக்கு ஒரு ஸ்பானரைக்கூட விட மாட்டோம். மோட்டாருக்கு மாலை, பேனலுக்குப் பொட்டு, கிரேனுக்கு வாழைக்கன்று, வாசலில் பூசணிக்காய். புது பைப்புக்கு இரண்டு கம்பெனியும் சேர்ந்து பூஜை போடுவது என்று முடிவானது. அவள் அந்த வழியாகக் குனிந்து எங்கள் பக்கம் வந்தாள். அன்று அவள் போட்டிருந்த துப்பட்டா, மாமியார் நவராத்திரிக்கு எங்கள் இருவருக்கும் எடுத்ததில் ஒன்று. எனக்கு அரக்கு, அவளுக்கு சந்தன வெள்ளையில் சரிகைக் கரை. எது நன்றாக இருந்தது என்று நான் வேறு சொல்ல வேண்டுமா?

அவள் சந்தனக் கிண்ணத்தை எடுத்து பைப்புக்கு அளவாக, வரிசையாகப் பொட்டு வைத்துக்கொண்டு வந்தாள். எங்கள் மேனேஜர் பக்கத்தில் நின்று, "எவ்ளோ நீட்டா வெக்கிறாங்க பாருங்க" என்றார். அவ்வளவுதான். எனக்குள் என்னவோ பொத்துக்கொண்டது. "குடு இங்க, இது எங்க பக்கம்" என்று கிண்ணத்தைப் பிடுங்கிக்கொண்டேன். வால்வுக்கு வைத்தேன், பேனலுக்கு வைத்தேன். மீட்டர் மூடிக்கு மேலே வைத்தால் போதாது, முக்கியமான இடத்தில் வைப்போம் என்று மூடியைத் திறந்து, உள்ளே பளபளவென்று இருந்த இடத்தில் கட்டை விரலால் சந்தனத்தை நன்றாக அப்பி, நடுவில் குங்குமம் வைத்து, கும்பிட்டு, மூடியை மூடினேன். அவளை விடப் பெரிய பொட்டு. பூசணிக்காய் உடைத்தார்கள், பொரி சுண்டல் தின்றோம், விடுமுறைக்குக் கிளம்பினோம்.

இப்போது அந்த முதல் நாள் காலைக்கு வருகிறேன். பைப்பில் தண்ணீர் விட்டுப் பார்க்கிற நாள். சங்கத்துக்காரர்கள் வந்திருந்தார்கள். எங்கள் மேனேஜர், அவள் மேனேஜர், ஃபிட்டர்கள் எல்லோரும் சுவரோரம் கூடிவிட்டோம். அவளும் எங்கள் பக்கமே வந்து நின்றாள். அதே சந்தன வெள்ளைத் துப்பட்டா. அவள் மேனேஜர் முந்தின வாரமே, "இது சரியா வரலைன்னா சுவத்த அடைச்சிட்டு வேற வேலைய பாக்கலாம்" என்று அவளிடம் சொல்லியிருந்தது எனக்குத் தெரியும். மாடியில் அவள் தன் கணவரிடம் சொல்லி அழுதது கீழே கேட்டது. அந்தப் பக்கம் மோட்டார் போட்டார்கள். பைப் உறுமியது. தண்ணீர் வந்தது. மீட்டரில் எண் விறுவிறுவென்று ஏறியது. சிவப்பு விளக்கு எரிந்தது. 'டக்'. வால்வு மூடிக்கொண்டது.

மறுபடி விட்டார்கள். மறுபடி 'டக்'.

அப்போது என் மனசு இருந்த நிலையை மறைக்காமல் சொல்கிறேன். உள்ளே பொங்கல் பொங்கியது. வெளியே தெரியாமல் இருக்கக் கன்னத்தைக் கடித்துக்கொண்டேன். பெரிய படம் வரைந்தாயே, இப்போது வரை! ஆலை நின்றால் ஆட்கள் திரும்பிப் போவார்கள் என்று கோடையில் துடித்தவள் நான்தான். அந்த நேரத்தில் ஒரு ஆளின் முகமும் எனக்கு ஞாபகம் வரவில்லை.

எங்கள் மேனேஜர் அவளைப் பார்த்து, "இன்னாம்மா, நல்ல தண்ணின்னு சொன்னீங்க?" என்றார். அவள் மேனேஜர் முகம் கருத்துவிட்டது. அவள் குனிந்து அந்தப் பக்கம் ஓடி, ஒரு பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்து வெயிலில் தூக்கிக் காட்டினாள். கண்ணாடி மாதிரி இருந்தது. எத்தனையோ வருடம் தண்ணீர் பார்த்த கண் எனக்கு, பார்த்ததுமே தெரிந்துவிட்டது, தண்ணீரில் குறையில்லை. தெரிந்தும் என் வாய் சும்மா இருந்ததா?

"எங்க மீட்டர் புதுசு சார். அது பொய் சொல்லாது."

எல்லோர் முன்னாலும் சொன்னேன். நன்றாக, கணீரென்று சொன்னேன்.

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு நேராக மீட்டரிடம் போய், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மூடியைத் திறந்தாள். தோள் லேசாக அசைந்தது. மூடியைப் போட்டுவிட்டுத் திரும்பினாள்.

"சார், எங்க லைன்ல காத்து பூந்துக்கினு இருக்கு. குமிழி போனாலும் மீட்டர் கலங்கல்னுதான் காட்டும். உடுறதுக்கு முன்னாடி நான் காத்து எடுத்திருக்கணும், எடுக்கல. என் தப்புதான். ரெண்டு தபா உட்டதுல காத்து போயிருக்கும், இப்ப உடுங்க."

அவள் மேனேஜர் எல்லோர் எதிரிலும் அவளை வாங்கு வாங்கென்று வாங்கினார். "இதுகூடவா பாக்க மாட்டீங்க, இத்தினி பேரை நிக்க வெச்சிட்டு?" அவள் தலையைக் குனிந்துகொண்டு, "சாரி சார்" என்றாள். மோட்டார் போட்டார்கள். எண் ஏறவில்லை. பச்சை விளக்கு. வால்வு திறந்தே இருந்தது. எங்கள் தொட்டியில் தண்ணீர் 'சோ'வென்று கொட்டியது. ஃபிட்டர்கள் விசில் அடித்தார்கள்.

நான் தொட்டியைப் பார்க்கவில்லை. அவள் துப்பட்டாவின் நுனியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சரிகைக் கரை ஓரம் மஞ்சளாக, நடுவில் சிவப்பாக ஒரு பெரிய கறை. காலையில் வீட்டிலிருந்து கிளம்பும்போது அது இல்லை. அவள் அதை மெதுவாகக் கைக்குள் சுருட்டிக்கொண்டாள்.

பூஜையன்று கோபத்தில் அந்தக் கண்ணாடிக் குழாய் மேலேயே சந்தனத்தை அப்பியிருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. காதெல்லாம் சூடாகிவிட்டது. கட்டை விரல் தானாகவே மடங்கிக்கொண்டது. எங்கள் மேனேஜரைப் பற்றி எனக்குத் தெரியும். சங்கத்துக்காரர்கள் முன்னால் 'உங்க மேடம்தான் கண்ணாடியில சந்தனம் பூசி வெச்சிருக்காங்க' என்று ஒரு வார்த்தை வந்திருந்தால், அன்றோடு நான் தண்ணி மேடம் இல்லை. தொழிற்பேட்டை முழுக்கச் சிரித்திருக்கும். அவளுக்கு ஒரே ஒரு வாக்கியம் போதும். அதுவும் நான் அந்தப் பேச்சைப் பேசிய பிறகு!

அன்று சாயங்காலம் அவள் கம்பெனி வண்டியில் போகவில்லை. என்னோடு ஷேர் ஆட்டோவில் ஏறினாள். பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். நான் வெளியே பார்த்துக்கொண்டே வந்தேன். பைபாஸ் திரும்பும்போது காதருகே குனிந்து, "சந்தனம் நல்ல வாசனைக்கா. எந்தக் கடையில வாங்குன?" என்றாள்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. "ஏன்டி சொல்லல?" என்றேன்.

"சொன்னா உங்க சாரு உன்ன உண்டு இல்லைன்னு பண்ணிடுவாரு. எங்க சாரு இன்னிக்குக் கத்துவாரு, நாளைக்கு டீ சொல்லுவாரு. நான்தான் அவரு கண்ணுக்குப் பெரிய ஆளாச்சே" என்றாள். "அப்புறம் இன்னொண்ணு. எம்மாம் கோவம் இருந்தா அம்மாம் பெரிய பொட்டு வெப்ப நீ! எனக்கு அது தெரியாதுன்னு நினைச்சிக்கினியா?" என்றாள்.

தெரியுமாம். எல்லாம் தெரிந்தே துடைத்தாளாம். அந்த நிமிடம் எனக்கு நன்றி வந்திருக்க வேண்டும் இல்லையா? வந்தது, மறுக்கவில்லை. ஆனால் அதற்கு முன்னால் முந்திக்கொண்டு வந்தது என்ன தெரியுமா? மறுபடியும் பொறாமை. ஏசி அறை அவளுக்கு, சரிகைத் துப்பட்டா அவளுக்கு, மாமியார் வாயில் ரசம் அவளுக்கு, இந்தப் பெரிய மனசும் அவளுக்கேவா? இதையாவது எனக்கு விட்டு வைத்திருக்கக் கூடாதா?

சங்கத்தில் பிறகு இரண்டு கம்பெனிக்கும் சேர்த்து ஒரு கேடயம் கொடுத்தார்கள். மேடையில் அவளைப் பேசச் சொன்னபோது அவள் மைக்கை என்னிடம் தள்ளிவிட்டாள். நான் உளறினேன். ஆனாலும் சுவர், ஓட்டை, பைப் எல்லாம் சமையலறையில் என் புலம்பலாகத்தான் ஆரம்பித்தது, அதைத் தூக்கிக்கொண்டு வந்து நிறுத்தியவள் இவள் என்று சொல்லிவிட்டேன். போட்டோவில் அவள்தான் அழகாக விழுந்திருக்கிறாள், அது வேறு விஷயம். இப்போது எங்கள் சாலையில் இன்னும் சில சுவர்களிலும் ஓட்டை விழுந்திருக்கிறது. இந்தக் கோடையில் எங்கள் கேட்டிலிருந்து சாப்பாட்டுத் தூக்கோடு யாரும் திரும்பிப் போகவில்லை. தண்ணீர் நிற்காமல் வர வேண்டும் என்று பெரியபாளையத்தம்மனுக்கு வேண்டிக்கொண்டதை ஆடியில் இரண்டு பேரும் சேர்ந்தே போய்ச் செலுத்திவிட்டு வந்தோம்.

அந்தத் துப்பட்டாவை எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்த்துப் பார்த்தேன், சோடா உப்பும் போட்டுப் பார்த்தேன். சந்தனம் போய்விட்டது, குங்குமம் போகவில்லை. அவள் அதைத் தூக்கிப் போடாமல், கறை தெரியாதபடி மடித்துப் போட்டுக்கொண்டு இன்னமும் வேலைக்குப் போகிறாள். மாடிக் கொடியில் அது காயும்போதெல்லாம் நான் கீழே நின்று அண்ணாந்து பார்க்கிறேன். அவள் மேல் எனக்குப் பொறாமை போய்விட்டது என்று சொன்னால் அது பொய். ஆனால் இப்போது அது ஏசி அறைக்காகவும் இல்லை, ரசத்துக்காகவும் இல்லை. அவள் என்றாவது தவறுகிற நாளில், எல்லோரும் பார்ப்பதற்குள் நான் முந்திக்கொண்டு துடைத்துவிட வேண்டும், என் துப்பட்டாவிலும் அப்படி ஒரு கறை விழ வேண்டும் என்பதுதான் இன்றைக்கு என்னிடம் மிச்சமிருக்கிற பொறாமை.